ஒரு மதிப்பெண் பாக்கி

இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் காரணம் சொல்லாமல் கேட்கும் மன்னிப்பு ஒப்புக்குக் கேட்பதாகிவிடும்.

நான் இப்போது கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே லிவர்மோர் என்று ஓர் ஊர். சுற்றிலும் மொட்டைக் குன்றுகள். வடமேற்கே டையாப்லோ மலை, 3,849 அடி உயரம். நான் ஏப்ரலில் வந்தபோது குன்றுகள் எல்லாம் பச்சைப் பட்டு விரித்ததுபோல் இருந்தன. ஜூன் பிறந்ததும் அத்தனையும் வைக்கோல் நிறமாகிவிட்டது. இங்கே மழை கார்த்திகையில் தொடங்கிப் பங்குனியோடு நின்றுவிடும். கோடையில் ஒரு சொட்டு கிடையாது.

தினமும் காலையில் மேய்ச்சல் காட்டு வழியாக நடப்பேன். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் மேயும். ஜூலை மாதம் ஒரு நாள் கைத்தடி தரையில் ஊன்றவில்லை, உள்ளே போய்விட்டது. குனிந்து பார்த்தேன். கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு. தடியை விட்டுப் பார்த்தேன், இரண்டடிக்கு மேல் இறங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. காடு முழுக்கப் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. கருஞ்சாம்பல் நிற மண். ஒரு கட்டியை எடுத்து நசுக்கினேன். கல்லாட்டம் இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றிப் பிசைந்தேன். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது.

நான் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த ஊரின் மண் அது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாப்பிள்ளை கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினார். இந்த நாட்டில் அரசாங்கமே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மண் வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு பெயர், பெரும்பாலும் ஓர் ஊரின் அல்லது மலையின் பெயர். நான் நடக்கும் குன்றுகளில் இருப்பவை டையாப்லோ களி, ஆல்டமாண்ட் களி. இரண்டும் வெர்டிசால் என்ற பெரும் பிரிவில் வருகின்றன. ‘புரட்டு’ என்று பொருள்படும் லத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் மண். நம் கரிசலில் பெரும்பகுதியும் இதே பிரிவுதான். அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பாதையில் ஓரிடத்தில் போன குளிர்கால மழையில் சரிவு இடிந்து, மண் செங்குத்தாக வெட்டிய மாதிரி நின்றது. அங்கே அடுக்குகளை நின்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. மேலே இரண்டு விரற்கடைக்குப் பொலபொலவென்று உதிரி, மிளகும் கொண்டைக்கடலையும் கலந்து கொட்டியது போல. அதற்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குப் பெரிய பெரிய பாளங்கள், இடையிடையே வெடிப்பு. அதற்கும் கீழே பாளங்கள் சாய்வாக ஒன்றன் மேல் ஒன்று ஆப்பு வைத்ததுபோல் கிடந்தன. அவற்றின் முகங்கள் எண்ணெய் தடவித் தேய்த்தது போலப் பளபளத்தன. இன்னும் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடுகள், சிறு முடிச்சுகள். நம் ஊரில் சுக்கான்கல் என்போமே, அதன் இளைய தம்பி. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, மஞ்சள் பாய்ந்த மெத்தென்ற களிப்பாறை. இந்தக் குன்றுகள் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறும் மணலும் இறுகி உண்டானவை. அந்தப் பாறை நைந்துதான் மேலே உள்ள மண் ஆயிற்று.

கரிசல் என்றால் எரிமலைக் குழம்பு நைந்து வந்தது என்று நான் உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். தக்காணத்துக்கு அது சரி. ஆனால் தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் அந்த எரிமலைப் பாறை கிடையாது, கரிசல் மட்டும் இருக்கிறது. பெர்க்கிலியில் பேராசிரியராக இருந்த ஹான்ஸ் ஜென்னி 1941-இல் வெளியிட்ட புத்தகத்தில், மண் உருவாக ஐந்து காரணங்கள் சேர வேண்டும் என்று வகுத்தார்: தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் சாய்வு, தாய்ப்பாறை, காலம். பாறை வேறாக இருந்தாலும், அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இருந்து, அவற்றை முழுக்கக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்கு மழை இல்லாமல், வருஷா வருஷம் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால், கடைசியில் ஒரே மாதிரிக் களி வந்து சேரலாம். கலிஃபோர்னியாவும் கோவில்பட்டியும் அப்படித்தான் ஒன்றுபோல் ஆகியிருக்கின்றன.

அந்தக் களியின் பெயர் ஸ்மெக்டைட். அதில் முக்கியமான வகை மாண்ட்மோரிலோனைட், பிரான்சில் மாண்ட்மோரிலான் என்ற ஊரின் பெயரால் வந்தது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகளை அடுக்கிவைத்த சுவடிக்கட்டு என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏடுகளுக்கு நடுவே புகுந்தால் கட்டு உப்பும். காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது நிலம் பிளக்கிறது. மேலே கிடக்கும் உதிரி காற்றிலும் மாட்டுக் குளம்பிலும் வெடிப்புக்குள் விழுகிறது. விதை, சருகு, பொத்தான், காசு, எது கிடந்தாலும் கூடவே விழுகிறது. அடுத்த மழைக்குத் தண்ணீர் வெடிப்பு வழியே அடி வரைக்கும் போய், மண் கீழேயிருந்து உப்பத் தொடங்கும். ஆனால் அது பழைய இடத்துக்கு விரிய வேண்டிய வெடிப்பில்தான் உதிரி போய் உட்கார்ந்திருக்கிறதே. இடம் போதவில்லை. அப்போது பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு, பாளம் பாளத்தின் மேல் சறுக்கி, மேல்நோக்கித் தள்ளுகிறது. நான் பார்த்த பளபளப்பு, அப்படிச் சறுக்கித் தேய்ந்த முகம். அடியில் இருக்கும் கற்களும் இந்தத் தள்ளலில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகின்றன. இங்கே குன்றுச் சரிவில் வேலிக் கம்பங்கள் எல்லாம் கள் குடித்தவை போலச் சாய்ந்து நிற்பதற்கும், நம் ஊரில் கரிசலில் கட்டிய வீட்டுச் சுவர் விரிவதற்கும் காரணம் இதுதான்.

இனி அந்தச் சுருக் என்றதைச் சொல்கிறேன்.

நான் தாமிரபரணிக் கரைக்காரன். எங்கள் தாத்தா கிணறு வெட்டும்போது மேட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேலே வண்டல், கீழே மணல், அதற்குக் கீழே பழைய வண்டல், அப்புறம் கூழாங்கல். ஒவ்வொரு வெள்ளமும் தன் முறைக்கு வந்து பாய் விரித்தது போல இருக்கும். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. ஸ்டெனோ என்ற டென்மார்க்காரர் 1669-இலேயே எழுதிவைத்த விதி. 1945-இல் அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் அடுக்கு அடுக்காகத் தோண்டிக் காலம் கணித்ததும் அதை அடியொற்றித்தான். ஒன்பதாம் வகுப்பில் தொல்லியல் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் நான் போடும் படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஐந்து கோடு, ஐந்து அடுக்கு, அடியில் பானை, உச்சியில் சைக்கிள் செயின். நீங்கள் சிரிப்பீர்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலாண்டுத் தேர்வு. ‘ஆழத்தில் கிடைக்கும் பொருள் பழமையானது என எவ்வாறு கூறுகிறோம்?’ என்பது கேள்வி. ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான். அவன் எழுதிய சொற்கள் எனக்கு முழுதாக ஞாபகமில்லை, சாரம் ஞாபகம் இருக்கிறது: எங்கள் காட்டில் அப்படிச் சொல்ல முடியாது. கோடையில் வெடிப்பில் விழுந்தது அடிக்குப் போய்விடும். அடியில் கிடந்த கல் மேலே வரும். வருஷா வருஷம் கல் பொறுக்குகிறோம், வருஷா வருஷம் கல் வருகிறது. அதனால் ஆழத்தை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது.

நான் அதற்குச் சுழி போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விடைத்தாள் கொடுக்கும்போது வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். “சார்வாள் தோண்டிப் பார்த்துட்டு வந்திருக்காரு” என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் எழுந்து நின்றபடியே, “நெசமாத்தான் சார். எங்கய்யாவோட சாவி விழுந்து, அடுத்த வருசம் கெணறு வெட்டையில ஆழத்துல கெடச்சது சார்” என்றான். உட்காரச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் கை தூக்கி நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவன் படிப்பு நின்றதற்கு வீட்டு நிலைமைதான் காரணம் என்று மனசைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சுழியை வீட்டு நிலைமை போடவில்லை.

இந்த ஊரில் ஒரு மியூசியத்துக்குப் போனபோதுதான் அவன் பதிலின் அருமை முழுசாகப் புரிந்தது. அதற்கு முன்னால் இந்த நிலத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தக் குன்றுகளும் வளைகுடாக் கரையும் ஓலோனி மக்களின் பூமி. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இந்தப் பக்கம் வாழ்கிறார்கள். கருவாலி மரத்துக் கொட்டைகளை இடித்து, கசப்பு நீக்கி, கஞ்சி காய்ச்சுவார்கள். புல்வெளிக்கு முறைவைத்துத் தீ மூட்டுவார்கள். தீ பட்ட இடத்தில் மறு வருஷம் விதை தரும் செடிகள் செழிக்கும், வேட்டை விலங்குகள் மேய வரும். 1769-இல் ஸ்பானியர்கள் சான் டியேகோவில் முதல் கிறித்தவ மிஷனைத் தொடங்கினார்கள். 1772-இல் ஃபாகேஸ் என்ற தளபதியும் கிரெஸ்பி என்ற பாதிரியாரும் இந்தக் கிழக்குக் கரையோரமாகக் கடந்து போனார்கள். 1793-இல் ஆளுநர் அரில்லாகா, பூர்வகுடிகள் புல்லுக்குத் தீ வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். 1797-இல், இப்போது ஃப்ரீமாண்ட் என்று அழைக்கப்படும் நகரத்தில், சான் ஹோசே மிஷன் எழுந்தது.

அந்தக் கட்டடங்களைக் கட்டியது பச்சைச் செங்கலால். நம் ஊர் மண்சுவர் வீட்டுக் கல் மாதிரி, சூளையில் வைக்காமல் வெயிலில் காயவைத்தது. அடோபே என்று பெயர். அந்தச் சொல்லுக்கே பெரிய பயணம் உண்டு. பழைய எகிப்தில் செங்கல்லுக்கு இருந்த சொல், காப்டிக் மொழி வழியாக அரபிக்குப் போய் ‘அத்தூப்’ ஆகி, அரேபியர் ஆண்ட ஸ்பெயினில் ‘அடோபே’ ஆகி, கப்பலேறி இங்கே வந்தது. இங்குள்ள விவசாயிகள் இந்த வெடிக்கிற களியையே அடோபே மண் என்கிறார்கள். களி மட்டும் என்றால் கல் காயும்போது பிளந்துவிடும். அதனால் மணலும் வைக்கோலும் சாணமும் சேர்த்து மிதிப்பார்கள். மிதித்தவர்கள் ஓலோனி மக்களும் அண்டை இனத்தவர்களும்தான். ஞானஸ்நானம் பெற்றபின் விட்டுப் போக அனுமதி கிடையாது. ஓடினால் பிடித்து வரச் சிப்பாய்கள் போவார்கள். 1806-இல் தட்டம்மை வந்தது. மிஷன் நிலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

கூடவே மாடு வந்தது. தோலுக்கும் கொழுப்புக்கும் ஆயிரக்கணக்கில் மாடு வளர்த்தார்கள். பாஸ்டனிலிருந்து கப்பல்கள் வந்து வாங்கிப் போயின. தோலையே ரூபாய் நோட்டுப் போலப் புழங்கியிருக்கிறார்கள். 1834-இல் மெக்சிகோ அரசு மிஷன்களைக் கலைக்கத் தொடங்கியது. நிலம் பூர்வகுடிகளுக்குத் திரும்பவில்லை. பெரிய பெரிய பண்ணைகளாகப் பிரிந்து வேறு கைகளுக்குப் போயிற்று. 1839-இல் அப்படி ஒரு பண்ணையைக் கூட்டாகப் பெற்றவர் ராபர்ட் லிவர்மோர் என்ற இங்கிலாந்து மாலுமி. என் மகள் இருக்கும் ஊருக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். 1848-இல் கலிஃபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்தது. தங்க வேட்டைக்கு வந்த கூட்டத்துக்கு மாட்டிறைச்சி விற்றுப் பண்ணைக்காரர்கள் கொழித்தார்கள். 1861-62 குளிர்காலத்தில் மகாவெள்ளம், அதன் காலடியிலேயே 1864 வரைக்கும் பஞ்சம். மாடுகள் காட்டிலேயே விழுந்து செத்தன. பழைய பண்ணை வாழ்க்கைக்கு அந்த அடியும் ஒரு முடிவு கட்டியது.

இத்தனைக்கும் நடுவில் யாரும் கவனிக்காமல் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. புல் மாறிக்கொண்டிருந்தது. இன்று இந்தக் குன்றுகளை மூடியிருப்பவற்றில் பெரும்பாலானவை காட்டு ஓட்ஸ் முதலான மத்தியதரைக்கடல் நாட்டுப் புற்கள். ஒரே பருவம் வாழ்ந்து, விதை சிந்தி, மே மாதத்தில் செத்துப்போகிறவை. கலிஃபோர்னியாவின் பொன் நிறக் குன்றுகள் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது, வெளியூரிலிருந்து வந்து செத்துக் காய்ந்து நிற்கும் புல்லைத்தான். முன்பு இங்கே என்ன இருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. பல்லாண்டு வாழும் ஊசிப்புல்தான் பெரும்பான்மை என்று ஃப்ரெடெரிக் கிளெமென்ட்ஸ் போன்றவர்கள் சொன்னார்கள். பல இடங்களில் புல்லே அல்ல, பூஞ்செடிக் காடுதான் என்று ரிச்சர்ட் மின்னிச் 2008-இல் ஒரு நூலே எழுதினார்.

நியாயமாக இதை மண்ணைத் தோண்டிக் கேட்க வேண்டும். ஆனால் இந்த மண்ணோ புரட்டிப் போடுகிற மண். ஒரு விதை இரண்டடி ஆழத்தில் கிடைத்தால், அது 300 வருஷத்துக்கு முன் விழுந்ததா, போன கோடையில் வெடிப்பில் விழுந்ததா என்று ஆழத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஜார்ஜ் ஹெண்ட்ரி என்ற கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பயிரியல் அறிஞருக்கு ஒரு யோசனை வந்தது. மண் தன் அடுக்கைக் காப்பாற்றாமல் போகலாம். ஆனால் அதே மண்ணை ஒருவர் எடுத்து, வைக்கோலும் சாணமும் சேர்த்துக் கல்லாக அறுத்துச் சுவரில் ஏற்றினால், அன்றோடு அது புரளுவதை நிறுத்திவிடுகிறது. அந்தச் சுவர் எந்த வருஷம் எழுந்தது என்பது மிஷன் பதிவேட்டில் இருக்கிறது. அவர் பழைய கட்டடங்களின் அடோபே கற்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, உள்ளே இருந்த விதை, தண்டு, கதிர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, எந்தச் செடி எப்போது இந்த நாட்டுக்கு வந்தது என்று கணக்கிட்டார். செங்கல்லை ஒரு சரித்திர ஆவணமாகப் படிக்கலாம் என்று 1931-இல் கட்டுரை வெளியிட்டார். கோதுமை, பார்லி வகைகளோடு களைகளும் வரிசையாக அதில் சாட்சி சொல்லின.

அதில் ஒரு களை ஃபைலரி. ஸ்பானிய மொழியில் குண்டூசி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். கொக்கின் அலகு போன்ற காய். ஒவ்வொரு விதைக்கும் ஒரு முறுக்கு வால். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அப்படித் திருகித் திருகி விதை தானாகவே மண்ணுக்குள் துளைத்துக்கொண்டு போய்விடும். தினமும் என் காலுறையில் குத்திக்கொண்டு வீடு வரைக்கும் வருவது இதுதான். பேத்தி உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுழலுவதைப் பார்ப்பாள். இந்த ஃபைலரி, மிகப் பழைய மிஷன் கற்களிலேயே இருந்தது. அப்படியானால் 1769-க்கு முன்பே வந்துவிட்டதோ என்று ஹெண்ட்ரி சந்தேகப்பட்டார்.

அந்தச் சந்தேகத்துக்கு விடை மண்ணிலிருந்து வரவில்லை, கடலிலிருந்து வந்தது. சான்டா பார்பரா கடற்பகுதியில் ஆழத்துத் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. புழு பூச்சி குடைவதில்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் ஒரு மெல்லிய படலமாகச் சேறு படிந்து கலையாமல் இருக்கிறது. 1998-இல் மென்சிங், பைர்ன் என்ற இருவர் அந்தப் படலங்களில் ஃபைலரியின் மகரந்தத்தைத் தேடினார்கள். 1769-க்கு முந்தைய படலங்களிலேயே அது இருந்தது. மிஷன் வரும் முன்பே, தெற்கே மெக்சிகோவின் குடியிருப்புகளிலிருந்து மனிதனைத் தாண்டி முந்திக்கொண்டு அந்தக் களை வந்துவிட்டிருக்கிறது.

கடலடிச் சேறு என் கரும்பலகைப் படத்தைப் போல நடந்துகொண்டது. குன்றின் களி அந்தப் பையன் எழுதியதைப் போல நடந்துகொண்டது. இரண்டும் உண்மை. எந்த இடத்தில் எது என்று கேட்கத் தெரிந்தவன்தான் சரித்திரக்காரன். அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்கு நான் சுழி போட்டேன்.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் பாதிப் பாடமாகிவிடும். இந்த மண் ஏர் உழுவது போல முழுசாக மேல் கீழாகப் புரண்டுவிடுகிறது என்று முன்பு நினைத்தார்கள். பிறகு கரிமக் கணிப்பு வைத்துப் பார்த்ததில், வெர்டிசாலிலும் பொதுவாக ஆழம் போகப் போக மண்ணின் வயது கூடத்தான் செய்கிறது என்று தெரிந்தது. கலப்பு உண்டு, ஆனால் மெதுவாக, இடத்துக்கு இடம் வேறாக நடக்கிறது. ஆகவே அவன் ‘ஆழத்துக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று எழுதியிருந்தால் தப்பு. அவன் அப்படி எழுதவில்லை. ‘ஆழத்தை மட்டும் வைத்து’ என்று எழுதியிருந்தான். அந்த ‘மட்டும்’ எனக்கு இப்போதுதான் கண்ணில் படுகிறது.

போன வாரம் மகள் சான் ஹோசே மிஷனுக்குக் கூட்டிப் போனாள். 1868-ஆம் வருஷ நிலநடுக்கத்தில் பழைய அடோபே தேவாலயம் இடிந்துபோயிற்று. இப்போது இருக்கும் கோயில் 1985-இல் பழையபடி கட்டியது. பாதிரியார்கள் தங்கிய கட்டடத்தின் ஒரு பகுதி மட்டும் பழையதாக மிஞ்சியிருக்கிறது. அதுதான் மியூசியம். சுவர் நல்ல கனம். ஓரிடத்தில் நின்று பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மண்ணோடு வைக்கோல் தும்பு தெரிந்தது. எந்தக் கால் மிதித்ததோ. எந்த விதை எப்போது வந்தது என்று அந்தக் கல் இன்றைக்கும் சொல்லும். அதை மிதித்தவர் பெயரைச் சொல்லாது. எனக்கு அங்கே நிற்கவே என்னவோ போல் இருந்தது.

வெளியே வந்ததும் மகள், “என்னப்பா, பேசாம வர்றீங்க?” என்றாள். சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதை எழுதுங்கப்பா. உங்க பிள்ளைங்க எல்லாரும் படிக்கிறாங்கல்ல” என்றாள். அதனால்தான் இந்தப் பதிவு.

தம்பி, உன் பெயரை இங்கே போடவில்லை. அன்றைக்கு நாற்பது பேருக்கு முன்னால் உன் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைத்தது போதும். உனக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சன்னலோரம் மூன்றாவது பெஞ்சு. சாவி கிடைத்த கிணறு உங்கள் வீட்டுக் கிணறு. இதைப் படித்தால் நீயே தெரிந்துகொள்வாய். உன் விடை சரி. என் கேள்விதான் ஆற்றங்கரைக் கேள்வி, உன் ஊருக்குப் பொருந்தாதது. நீ பார்த்ததை எழுதினாய், நான் படித்ததை வைத்துத் திருத்தினேன். அந்தச் சுழியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போடுகிறேன். நாற்பது வருஷம் கழித்து அதனால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் தவறு என் கணக்கில் இருக்க வேண்டும், உன் விடைத்தாளில் இருக்கக் கூடாது.

அவனோடு தொடர்பில் இருக்கும் பிள்ளைகள் இதைக் காட்டுங்கள். வாசித்துக் காட்டினாலும் சரி. அவன் பேச விரும்பினால் என் எண்ணைக் கொடுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தில் இல்லாத ஒரு விடையை ஒரு பிள்ளை எழுதினால், சுழி போடுவதற்கு முன்னால், ‘இதை எங்கே பார்த்தாய்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு நல்ல பாடம் அன்றைக்கே எனக்குக் கிடைத்திருக்கும்.

புரட்டாசி முடிவில் ஊர் திரும்புகிறேன். மழைக்கு முன்னால், வெடிப்பு மூடுவதற்குள், ஒரு தடவை அந்தக் காட்டுப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். கல் பொறுக்கப் போகிறவர்கள் யாராவது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் வரலாறு சார்